பிரவுசரில் திறக்கும் தளம் ஆப்பில் ஏன் திறக்க மறுக்கிறது?

"எங்கள் தளம் குரோமில் நன்றாகத் திறக்கிறது. அதே சர்வருடன் எங்கள் ஆண்ட்ராய்டு ஆப் பேசினால் 'சான்றிதழ் நம்பத்தகாதது' என்கிறது. ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சான்றிதழ் என்பது, பேசுவது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி. பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் காரணம். தளத்தை வழங்கும் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பில் ஃபுல்செயின்.பெம் என்று இருக்கவேண்டிய இடத்தில் செர்ட்.பெம் என்று இருக்கும்.

இலவசமாகச் சான்றளிக்கும் அமைப்பான லெட்ஸ் என்கிரிப்ட்டிடம் சான்றிதழ் வாங்குவது எளிது. டொமைன் உங்கள் சர்வரின் ஐபியைக் காட்ட வேண்டும், 80ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். மற்றதை, சான்றிதழை வாங்கித் தரும் நிரலான செர்ட்பாட் பார்த்துக்கொள்ளும். அது தரும் செர்ட்.பெம்மில் உங்கள் தளத்தின் சான்றிதழ் மட்டுமே இருக்கும். ஃபுல்செயினில் இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்திருக்கும்.

அந்த இடைநிலை எதற்கு? சான்றிதழின் உள்ளடக்கத்தை ஷா-256 என்ற கணக்கீட்டு முறை கொண்டு 256 பிட்டாகச் சுருக்கி, சான்றளிக்கும் அமைப்பு தன் ரகசியச் சாவியால் கையொப்பமிடுகிறது. அதன் பொதுச் சாவி தெரிந்த எவரும் சரிபார்க்கலாம். ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. உங்கள் கைபேசியில் முன்கூட்டியே இருப்பவை, நம்பிக்கைச் சங்கிலியின் தொடக்கமான வேர்ச் சான்றிதழ்கள். 2035 வரை செல்லும், லெட்ஸ் என்கிரிப்ட்டின் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 அவற்றில் ஒன்று. வேரின் ரகசியச் சாவியை எந்த நெட்வொர்க்கிலும் இணைக்காமல் பூட்டி வைத்திருப்பார்கள். அரிதாக எடுத்து, இடைநிலைச் சான்றிதழ்களில் கையொப்பமிட்டுவிட்டுத் திரும்பப் பூட்டிவிடுவார்கள். தளங்களின் சான்றிதழ்களில் நாள்தோறும் லட்சக்கணக்கில் கையொப்பமிடுவது இடைநிலைச் சாவிதான். அது களவு போனால் அதை மட்டும் ரத்து செய்தால் போதும். கோடிக்கணக்கான கருவிகளில் பதிந்த வேரைத் தொடவே வேண்டாம். இணையப் பாதுகாப்பில் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கைபேசியில் முன்கூட்டியே இருப்பது வேர் மட்டுமே என்பதால், இடைநிலையைச் சர்வர்தான் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால், சான்றிதழில் குறித்திருக்கும் முகவரிக்குப் போய் குரோம் தானே எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு ஆப்புகளும் பைத்தான் நிரல்களும் பொதுவாகத் தேடிப் போவதில்லை, இணைப்பை முறித்துவிடும். அதனால் பிரவுசரில் மட்டும் சோதிப்பது சோதனையே அல்ல. சான்றிதழ்களைச் சோதிக்க உதவும் கருவியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கடைசியில் சரிபார்ப்புக் குறியீடு 0 என்றால் நலம்; 21 என்றால் பெரும்பாலும் இடைநிலை வரவில்லை.

ஆப்பில் சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். நடுவில் இருக்கும் எவரும் தன் சான்றிதழைக் காட்டி, பயனரின் கடவுச்சொல்லைப் படித்துவிடலாம்.

வரியைத் திருத்தியதும் 'என்ஜின்எக்ஸ் -டி' கொடுத்துப் பிழை இல்லை என்று பார்த்து, ரீலோட் செய்யுங்கள். 90 நாள் சான்றிதழை செர்ட்பாட் தானே புதுப்பித்தாலும், என்ஜின்எக்ஸ் நினைவகத்தில் பழையதையே வைத்திருக்கும். புதுப்பித்ததும் ரீலோட் ஆகும்படி, செர்ட்பாட் அப்போது தானே ஓட்டும் டிப்ளாய் ஹுக்கில் அந்தக் கட்டளையையும் எழுதிவிடுங்கள்.