டிரெயின்: வடிப்பதா, ஒழிப்பதா?

"முதலில் கார்டன், அப்புறம் டிரெயின், அதன்பின் அப்கிரேடு." பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள் குபர்னெட்டிஸ். அதன் கிளஸ்டரின் பதிப்பைத் தானாகவே உயர்த்தும் கருவி ஒன்றுக்குத் தமிழில் செய்முறைக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது நான் எழுதிய முதல் வரி இது. ராயபுரத்தில் வளர்ந்த எனக்கு டிரெயின் என்றால் ரயில்தான். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ஸ்டேஷன் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். கார்டன் என்றால் தோட்டம். ஆங்கிலத்தில் drain வேறு, train வேறு; cordon வேறு, garden வேறு. நம் எழுத்துக்கு வந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. ஒலியை அப்படியே எழுதினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்த வரியைத்தான் காட்டுவேன்.

சரி, இந்த டிரெயின் (drain) என்ன வேலையைக் குறிக்கிறது? பல கணினிகள் சேர்ந்தது கிளஸ்டர், கொத்து எனலாம். அதிலுள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. கணுவின்மேல் பாடுகள் (pod) ஓடுகின்றன, பாடுக்குள் கன்டெய்னர்கள், அதாவது செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாக அடைத்த பொதிகள். எண்ணூர் சாலையில் லாரிகள் சுமந்து போகும் இரும்புப் பெட்டியிலிருந்து வந்த பெயர்தான் இந்தக் கன்டெய்னருக்கும். ஒரு கணுவைப் புதுப்பிக்க வேண்டுமானால், கருவி முதலில் அதில் புதிதாக எதுவும் வந்து அமராதபடி தடுக்கும், அதுதான் கார்டன். 'வரவு மறித்தல்' என்று எழுதினேன், குழப்பமில்லை. அடுத்து, அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பாடுகளை வெளியேற்றும். அவற்றுக்குப் பதிலாக வேறு கணுக்களில் புதிய பாடுகள் எழும். இந்த வெளியேற்றம்தான் டிரெயின். கணு காலியான பிறகே பதிப்பு உயரும்.

ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவத்துக்கு நீரை வடிகட்டுதல் என்று பொருள். உலர்வைக் குறிக்கும் 'டிரை' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. அதனால் அகராதியைத் திறந்ததும் 'வடித்தல்' வந்து நிற்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. சோறு வடித்தால் கஞ்சி போகும், சோறு பானையில் நிற்கும். நமக்கு வேண்டியது நிற்பதுதான். இங்கே அது தலைகீழ்: வேண்டிய பொருள்தான் வெளியே போகிறது. வடிகால் என்றாலோ, ஒவ்வொரு மழைக்கும் தெருவில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் வடசென்னைக்காரருக்குக் கழிவை அகற்றுவது மட்டும்தான் நினைவுக்கு வரும்.

'காலி செய்தல்'? அரபியிலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்ட சொல், எல்லோருக்கும் புரியும். ஆனால் உள்ளே இருந்தது என்ன ஆயிற்று என்பதை அது சொல்வதில்லை.

விடை வீட்டிலேயே கிடைத்தது. ஒரு நாள் இரவு அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார்: "அந்தக் குண்டானை ஒழிச்சிப் போடுடா, தேய்க்கணும்." மிச்சமிருந்த சங்கரா மீன் குழம்பைச் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றினேன், குண்டானை அடிபம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். கருவி செய்வதும் இதைத்தானே! பொருளைப் பத்திரமாக வேறிடத்தில் சேர்த்துவிட்டு, பாத்திரத்தை வேலைக்குக் கொடுப்பது.

'ஒழி' நம் மொழியில் ஆழமாக வேரோடிய சொல். ஒழிந்த நேரம் என்றால் வேலையில்லாத நேரம். "கை ஒழியல" என்றால் ஓய்வில்லை. இலக்கணத்தில் ஒழியிசை என்பது சொல்லாமல் விட்ட மிச்சப் பொருள். மலையாளத்தில் ஒழிவு திவசம் விடுமுறை நாள். ஒழிக்குக என்றால் ஊற்று. வெறுமையும் ஊற்றுதலும் ஒரே வேரில் இருக்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. வறுமை ஒழிப்பு, கொசு ஒழிப்பு என்று அரசு விளம்பரங்களில் படித்துப் பழகிய கண்ணுக்கு 'கணு ஒழிப்பு' என்றால் கணுவையே அழிப்பதாகத் தோன்றும். நள்ளிரவில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதைப் படித்தால் பதறிப்போவார். அதனால் 'ஒழிப்பு' வேண்டாம். 'கணுவை ஒழித்துக் கொடு' என்று வினையாகவே எழுத வேண்டும். தலைப்பு தேவைப்படும் இடத்தில் 'கணு ஒழித்துக் கொடுத்தல்'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் மாறாது. கட்டளையில் வரும் drain என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் தொடக்கூடாது, அதைக் கணினி அப்படியே எதிர்பார்க்கிறது.

இந்தச் சொல் வந்ததும் குறிப்பின் மற்ற பகுதிகளும் தெளிவாகின. குண்டானின் அடியில் ஒட்டியிருப்பது கிண்ணத்துக்கு வராது, கழுவும்போது போய்விடும். அதுபோலவே, பாடு தற்காலிகமாக எம்ப்டி-டிர் (emptyDir) என்ற சேமிப்பிடத்தில் எழுதி வைத்தது பாடு போனதும் அழிந்துவிடும். அதனால்தான் அப்படிப்பட்ட பாடு இருந்தால் கட்டளை நின்றுவிடுகிறது. அழிந்தாலும் பரவாயில்லை என்று நாம் தனியாகச் சொன்னால்தான் மேலே போகும். அடுத்து, இத்தனை பாடுகளாவது எப்போதும் ஓட வேண்டும் என்று வரம்பு வைத்திருந்தால், அதற்குக் கீழே போகும் வெளியேற்றத்தைக் கிளஸ்டர் மறுத்துவிடும். மாற்ற வேறு கிண்ணம் இல்லாவிட்டால் குண்டானை ஒழிக்க முடியாதே, அப்படித்தான். கருவி நின்றுபோய்விட்டது என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்த வரம்புதான்.

புதுப்பித்து முடித்து, வரவு மறிப்பை எடுத்துவிட்ட பிறகு பழைய பாடுகள் தாமாகத் திரும்பி வருவதில்லை. புதிதாக எழுபவை மட்டுமே அங்கே வந்து அமரும். கழுவிக் கவிழ்த்த குண்டானில் அடுத்த வேளைக்குத்தான் சமைப்போம். கிண்ணத்துக் குழம்பைத் திருப்பி ஊற்ற மாட்டோம். புதுப்பித்த கணு வெறுமையாக நிற்பதைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம் என்று குறிப்பின் கடைசி வரியில் எழுதியிருக்கிறேன்.