பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடத்தைத் திறக்க வைப்பது: மனு எழுதும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் வார்டிலும் ஒன்று இருக்கும். பிள்ளைகள் குறைந்துபோய் வேறு பள்ளியோடு சேர்த்து மூடிவிட்ட மாநகராட்சி ஆரம்பப் பள்ளி, இடம் மாறிப்போன வார்டு அலுவலகம், திறப்பு விழாவுக்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்காத சமுதாயக்கூடம். ஜன்னல் வழியே பார்த்தால் கழற்றிப் போட்ட தெருவிளக்குகளும் சக்கரம் போன குப்பை வண்டிகளும் தெரியும். இதை நூலகமாக்குங்கள், அங்கன்வாடி நடத்துங்கள், பெண்களுக்குத் தையல் பயிற்சி மையமாகக் கொடுங்கள் என்று மனு கொடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களில் பெரும்பாலோர் கையில் மிஞ்சியது மனு ரசீது மட்டும்தான். கோரிக்கையில் ஒரு குறையும் இல்லை. கேட்ட இடம் தவறு, அல்லது கேட்ட வரிசை தவறு.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, 2023 ஏப்ரல் 13 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. பெயரில் 1998 இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அத்தனை வருடம் கிடப்பில் கிடந்தது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் இப்போது இதுவும் இதன் 2023 விதிகளும்தான். உள்ளாட்சிச் சொத்தை வேறு உபயோகத்துக்கு விடுவது, அதற்குப் பணம் ஒதுக்குவது எல்லாம் கவுன்சிலர்கள் கூடும் மன்றத்தின் தீர்மானத்தில்தான் போய் முடியும். கவுன்சிலர் தலையசைத்தால் ஆகாது. ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், "பண்ணிடலாம்" என்றாலும் ஆகாது. தீர்மான எண்ணோ கோப்பு எண்ணோ இல்லாமல் உங்களுக்குச் சொல்லப்படும் எதையும் நம்பிக் காசு வசூல் செய்யாதீர்கள்.

முதலில் பணம் அல்ல, நிலம்

எல்லாரும் முதலில் கேட்பது "நிதி எங்கே கிடைக்கும்?" என்றுதான். அது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த இடம் யாருடையது?

கட்டடத்தில் மாநகராட்சி போர்டு தொங்குகிறது என்பதால் நிலம் மாநகராட்சிக்குச் சொந்தம் என்று ஆகிவிடாது. நிலம் சர்க்கார் புறம்போக்காக இருந்து வருவாய்த் துறை கையில் இருக்கலாம். கோயில் நிலமாக இருக்கலாம். மனை விற்றவர் பூங்காவுக்கென்று தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த திறந்தவெளி ஒதுக்கீட்டு இடமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் படிப்பகத்துக்காக வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டி, மதிப்பீடு போடும் கட்டம் வரை வந்துவிட்டது. அப்போதுதான் பொறியாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, "சார், இது ரெவின்யூ லேண்ட், தாசில்தார்கிட்ட என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்கிட்டு வாங்க" என்றார். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. நம் அலுவலகங்களில் கேட்காததற்குப் பதில் வராது.

இதைத் தெரிந்துகொள்ள யார் தயவும் தேவையில்லை. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் கிடைக்கும், அலுவலகங்களில் டிஎஸ்எல்ஆர் என்பார்கள். மாவட்டம், வட்டம், நகரம், வார்டு, பிளாக், சர்வே எண் கொடுத்தால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். சர்வே எண் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதிய இடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். சர்க்கார் புறம்போக்கு என்று வந்தால் மாநகராட்சிக்கு மட்டும் மனு கொடுத்துப் பயனில்லை. நிலத்தை உள்ளாட்சிக்கு மாற்றித் தரச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கும் ஒன்று போக வேண்டும். திறந்தவெளி ஒதுக்கீட்டு இடம் என்றால் அதில் புதிதாக எதையும் கட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். யாராவது ஒருவர் நீதிமன்றம் போனால் நின்றுவிடும்.

நிலம் மாநகராட்சிக்கே சொந்தம் என்றாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கும். கட்டடத்தை வேறு துறைக்கு எப்போதோ ஒப்படைத்திருப்பார்கள். அங்கன்வாடி சமூக நலத்துறை, ரேஷன் கடை கூட்டுறவுத் துறை. அவர்கள் காலி செய்துவிட்டுப் போனாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்ததற்கு எழுத்து இருக்காது. "இன்னும் அவங்க பொறுப்புலதான் இருக்கு" என்று மாநகராட்சி சொல்லும், "நாங்க எப்பவோ காலி பண்ணிட்டோம்" என்று அந்தத் துறை சொல்லும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒப்படைப்புக் கடிதம் ஒன்றை வாங்க வைப்பதுதான் உங்கள் முதல் வேலை.

"இடிக்க வேண்டிய கட்டடம்" என்ற பதில்

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பாழடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க அரசு உத்தரவிட்டது. தேவையான உத்தரவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நன்றாக நிற்கும் கட்டடத்தைக் கேட்டாலும் இப்போது சுலபமாக வரும் பதில், "அது கண்டம் பண்ண வேண்டிய பில்டிங்."

வாய்மொழியாக இதைச் சொன்னால் ஏற்காதீர்கள். உறுதித்தன்மை பற்றிய ஆய்வறிக்கை இருக்கிறதா, யார் ஆய்வு செய்தார்கள், எந்தத் தேதியில் என்று எழுத்தில் கேளுங்கள். அறிக்கை உண்மையாகவே மோசமாக இருந்தால் வாதாடாதீர்கள். நாளைக்கு அங்கே உட்காரப்போவது உங்கள் பிள்ளைகள்தான். அப்போது கோரிக்கையை மாற்றி, இடித்த பிறகு அதே இடத்தில் என்ன வரும் என்று இப்போதே தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் இடித்த இடம் கொஞ்ச நாளில் கார் நிறுத்துமிடம் ஆகிவிடும், அப்புறம் மீட்பது பெரும்பாடு.

பணம்

சென்னையின் விக்டோரியா பொது மன்றம் மாதிரி நகரத்தின் அடையாளமான கட்டடம் என்றால் சிங்காரச் சென்னை 2.0 போன்ற திட்டத்தில் கோடிக் கணக்கில் வரும். உங்கள் தெருமுனைப் பள்ளிக்கு அப்படி வராது. அதற்குக் கிடைக்கக்கூடியவை வேறு.

நமக்கு நாமே திட்டம் 1997-98இல் தொடங்கி இடையில் நின்று, 2021-22இல் நகர்ப்புறத்துக்கும் சேர்த்து மறுபடி வந்தது. பொதுவாக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். பள்ளி, நூலகம், பூங்கா, சமுதாயக்கூடம் எல்லாம் கேட்கலாம். சங்கம் தரலாம், தனி ஆள் தரலாம், கம்பெனி தரலாம்.

இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நீங்கள் நினைத்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்ல, பொறியாளர் போடும் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு. அதில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, மின் இணைப்பும் கழிப்பறையும் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். சேராவிட்டால் கூடுதல் மதிப்பீடு என்று ஒன்று வந்து, உங்கள் பங்கும் அதற்கேற்ப ஏறும். மதிப்பீட்டின் நகல் கையில் வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டும்போது ஆணையர் பெயருக்கு வரைவோலையாக, திட்டத்தின் பெயரும் பணியின் பெயரும் எழுதிய ரசீதோடு கட்டுங்கள். "ஒப்பந்ததாரர்கிட்டயே குடுத்துடுங்க, அவர் அட்ஜஸ்ட் பண்ணிக்குவார்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, நீங்கள் பணம் போட்டதால் கட்டடம் உங்கள் சங்கத்துக்குச் சொந்தமாகாது. கல்வெட்டில் பெயர் வரும், சாவி அவர்களிடம்தான்.

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. இரண்டிலும் உறுப்பினர் செய்வது பரிந்துரை மட்டும். லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்றால் பணம் வந்துவிட்டதாக நினைத்துப் பட்டாசு வெடித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். எம்.பி. பரிந்துரைத்தாலும் பணியை அனுமதித்து ஆணை போடுவது மாவட்ட நிர்வாகம். அந்த ஆணையின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தேர்தல் அறிவித்து நடத்தை விதி வந்துவிட்டால் புதிதாக ஆணை போட முடியாது, ஆணை போட்டிருந்தும் வேலை தொடங்காததும் அப்படியே நிற்கும். தேர்தல் நெருங்கும்போது வரும் பரிந்துரைக் கடிதத்துக்கு அதிக மதிப்பு வைக்காதீர்கள்.

மத்திய நிதிக்குழு மானியத்தைச் சொல்லி ஆசை காட்டினால் கவனம். 15ஆவது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்குக் கொடுத்ததில் பெரும்பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். அதை எடுத்துப் படிப்பகத்துக்கு வண்ணம் பூச முடியாது.

மாநகராட்சியின் சொந்த நிதியில் கேட்பதாக இருந்தால் காலம் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, பட்ஜெட் அதற்கு முன் பிப்ரவரி, மார்ச்சில் மன்றத்துக்கு வரும். அதற்கான பட்டியலை மண்டலங்களில் அதற்கும் முன்பே எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே அக்டோபர், நவம்பரிலேயே உங்கள் கோரிக்கை கோப்பில் ஏறியிருக்க வேண்டும். ஏப்ரலில் போய்க் கேட்டால் "இந்த வருஷம் பட்ஜெட்ல இல்லைங்க" என்ற பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கும்.

எங்கே பேசுவது

மண்டல அலுவலகத்தில் தனியாகப் போய் நிற்பதைவிட ஏரியா சபையில் கேட்பது நல்லது. வார்டு குழு, ஏரியா சபை விதிகள் 2022இல் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1 அன்று முதல்வர் ஸ்டாலினே பம்மலில் ஒரு ஏரியா சபையில் உட்கார்ந்தார். அந்த வேகம் எல்லா வார்டிலும் இப்போது இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கூட்டம் நடந்ததாகக் காகிதத்தில் மட்டும் இருக்கும் வார்டுகளும் உண்டு. நடந்தால் போய்விடுங்கள். நடக்காவிட்டால் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு தானாக வரும்.

சபையில் பேசினால் போதாது. பேசியது குறிப்பேட்டில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள். "மக்கள் பல்வேறு கோரிக்கைகளை வைத்தனர்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது உங்களுக்கு எதற்கும் உதவாது. கட்டடத்தின் பெயர், தெரு, என்னவாக மாற்ற வேண்டும் என்பது எழுத்தில் வர வேண்டும்.

1100 என்ற குறைதீர்ப்பு எண்ணுக்கு அழைப்பதும் 'முதல்வரின் முகவரி' என்ற அரசின் மனுப் பிரிவில் மனு போடுவதும் தெருவிளக்கு எரியாததற்கு நல்ல வழி. கட்டடத்தின் உபயோகத்தை மாற்றுவதற்கு அது போதாது. மனு கீழே இறங்கி அதே ஏ.இ. மேஜைக்கு வரும், அவர் "நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று எழுதி முடித்து வைப்பார். கணக்கில் அது தீர்ந்துபோன மனு.

தகவல் உரிமை மனுவில் செய்யும் தவறு

10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் "ஏன் கட்டடத்தைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "விளக்கம் கேட்பது சட்டத்தின் வரம்பில் வராது" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்புவார்கள். இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். அசையாச் சொத்துப் பதிவேட்டில் இந்தக் கட்டடம் இருக்கும் பக்கத்தின் நகல், இதைப் பற்றிய தீர்மானங்களின் நகல், உறுதித்தன்மை அறிக்கையின் நகல், கடைசியாகப் பராமரிப்புக்குச் செலவிட்ட பில்லின் நகல். இந்த நான்கும் வந்தால் பாதி வேலை முடிந்தது. நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடவும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. "இது எங்கள் துறை இல்லை" என்று திருப்பி அனுப்பினால், பிரிவு 6(3)ன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே அனுப்பியிருக்க வேண்டும். அதைச் சுட்டிக்காட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள்.

திறந்த பிறகு

பழுது பார்த்து, ரிப்பன் வெட்டி, ஆறு மாதத்தில் மறுபடி பூட்டியவை ஏராளம். காரணம் எப்போதும் ஒன்றுதான். கட்டப் பணம் இருந்தது, நடத்தப் பணம் இல்லை. கரண்ட் பில் யார் கட்டுவது, யார் திறந்து மூடுவது, கழிப்பறையை யார் கழுவுவது என்று தீர்மானத்தில் இல்லாவிட்டால் அந்தக் கட்டடம் நிலைக்காது. பழைய இணைப்பில் மின் கட்டண பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

நூலகம் கேட்பவர்கள் குறிப்பாக ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டடத்தை மாநகராட்சி தரும், புத்தகமும் நூலகரும் பொது நூலகத் துறை தர வேண்டும். சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரியை மாநகராட்சி வசூலித்து அந்தத் துறைக்குத்தான் அனுப்புகிறது. அங்கிருந்து ஆள் போடச் சம்மதக் கடிதம் இல்லாமல் கட்டடத்தை மட்டும் புதுப்பித்தால் காலி அலமாரிதான் கிடைக்கும்.

உங்கள் சங்கமே நடத்துவதாக இருந்தால் வாடகை இல்லாமல் கேட்காதீர்கள். அதிகாரிகள் தயங்குவது உங்கள்மேல் உள்ள கோபத்தால் அல்ல. பொதுச் சொத்தை இலவசமாகக் கொடுத்தால் உள்ளாட்சித் தணிக்கையில் ஆட்சேபம் வரும், கையெழுத்துப் போட்டவர் ஓய்வுபெறும்போதுகூட அது வந்து நிற்கும். பெயரளவுக்காவது ஒரு தொகை, காலவரம்பு, மன்றத் தீர்மானம், அதன் பேரில் ஒப்பந்தம் என்று கேட்டால் அவர்களுக்கும் கையெழுத்துப் போட வழி பிறக்கும்.

கவுன்சிலர் மாறுவதற்குள் இதையெல்லாம் காகிதத்தில் கொண்டுவந்துவிடுங்கள். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. போன முறை 2016இல் காலம் முடிந்தபின் 2022 வரை தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். புதிதாக வருபவரிடம் பழைய கவுன்சிலர் சொன்னதைச் சொன்னால் சிரிப்பார், தீர்மான எண்ணைச் சொன்னால் கோப்பை எடுக்கச் சொல்வார்.