சொல் விளக்கம்: சாதி (பேரினம்)

உயிரியலில் 'சாதி' என்பது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி. இலங்கைப் பாடநூல்களில் பாகுபாடு இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று படிப்படியாக இறங்கும். தமிழ்நாட்டு நூல்கள் சாதியைப் பேரினம் என்றும் இனத்தைச் சிற்றினம் என்றும் சொல்லும். அந்த நூல்களையும் சேர்த்துப் படிக்கும் வட இலங்கை வன்னி மாணவர்கள் சிற்றினத்தைத் துணையினம் என்று கொண்டால் ஒரு படி கீழே போய்விடுவார்கள். நம் பாடநூல்களின் 'இனம்' என்ற சொல்லும் அவர்களின் 'சிற்றினம்' என்ற சொல்லும் ஒன்றையே குறிக்கும்.

'சாதி' பிறத்தல் என்னும் வேரில் பிறந்த வடசொல். இலத்தீன் 'ஜீனஸ்' என்பதற்கும் பிறப்பு, குலம் என்றே பொருள். இரண்டுக்கும் மூலம் ஒரே இந்தோ ஐரோப்பிய வேர். தொல்காப்பிய மரபியலில் 'நீர்வாழ் சாதி' என்று நீரில் வாழும் உயிர்களே சுட்டப்படுகின்றன. ஆகவே கலைச்சொல்லாக்கத்தில் பிழையில்லை. ஆனாலும் இன்று அந்தச் சொல் காதில் விழுந்ததும் மனிதரைப் பிரிக்கும் சாதிதான் நினைவுக்கு வருகிறது. பேரினம் தூய தமிழ், இனத்தோடு இயல்பாக இணைகிறது; அதையே பரவலாக்க வேண்டும். பரீட்சையில் மட்டும் பாடநூற் சொல்லை எழுதுங்கள்.

ஊர்ப்பெயரை நம்பிப் பேரினத்தைத் தீர்மானிக்க முடியாது. வன்னிக் காட்டுப் பாலையும் ஏழிலைப்பாலையும் பால் வடிப்பதால் பெயரில் ஒன்றுபட்டாலும் குடும்பமே வேறு. பாலையின் அறிவியற் பெயர் மணில்காரா ஹெக்சான்ட்ரா. ஏழிலைப்பாலை அல்ஸ்டோனியா ஸ்கொலாரிஸ். பாலையின் உண்மையான உறவு தோட்டத்துச் சப்போட்டா, அதாவது மணில்காரா சப்போட்டா. இந்தியாவில் சப்போட்டா ஒட்டுக்கன்றுக்குப் பாலை நாற்றையே அடிக்கட்டையாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரே பேரினம் என்பதால் ஒட்டு பிடிக்கிறது.

இத்தகைய இருசொற் பெயரில் முதற்சொல் பேரினம், அடுத்தது இன அடைமொழி. தாவரங்களுக்கு இந்த முறை சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயசின் 1753ஆம் ஆண்டு நூலிலிருந்தும், விலங்குகளுக்கு அவருடைய 'சிஸ்டமா நேச்சுரே' என்னும் வேறொரு நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தும் கணக்கிடப்படுகிறது. இலத்தீன் எழுத்தில் எழுதும்போது முதற்சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து. அச்சில் சாய்வெழுத்து; கையெழுத்தில் இரு சொற்களுக்கும் தனித்தனி அடிக்கோடு. ஒரே நீளக் கோடாக இழுத்தால் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். பேரினப் பெயரை மட்டும் தனியே எழுதலாம். அடைமொழியைத் தனியே எழுதக்கூடாது, ஏனென்றால் ஒரே அடைமொழி வெவ்வேறு பேரினங்களில் வரும்.

பேரினம் மாறினால் பெயரும் மாறும். முதிரை மரமே நல்ல சான்று. தாவரவியலாளர் ரொக்ஸ்பரோ அதை மஹோகனியின் பேரினத்தில் சேர்த்து சுவிட்டேனியா குளோரொக்சைலன் என்றார். இந்த அடைமொழிக்குக் கிரேக்கத்தில் 'பசுமஞ்சள் மரம்' என்று பொருள். உண்மையில் முதிரை எலுமிச்சை, விளாத்தியின் குடும்பம். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும். 1824இல் தாவரவியலாளர் டி கண்டோல் அதற்குக் குளோரொக்சைலன் என்றே தனிப் பேரினம் வகுத்தார். பழைய அடைமொழியை அப்படியே வைத்தால் 'குளோரொக்சைலன் குளோரொக்சைலன்' என்றாகும். தாவரப் பெயரீட்டு விதியில் அதற்கு இடமில்லை. ஆகவேதான் இன்றைய பெயர் குளோரொக்சைலன் சுவிட்டேனியா. விலங்குகளுக்கு இந்தத் தடை கிடையாது: அதே காட்டில் மேயும் புள்ளிமானின் பெயர் அக்சிஸ் அக்சிஸ்.