டிசைன் படிக்கும் பிள்ளைக்கு லேப்டாப்பா? முதலில் திரையைப் பாருங்கள்

"ஐ7 வாங்கட்டுமா, கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேணுமா?" கல்லூரி திறக்கும் நேரத்தில் பெற்றோர் என்னிடம் கேட்பது இதைத்தான். திரை எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சிவகாசியில் ஆப்செட் அச்சுக்கான பிரீ-பிரஸ் வேலையில், அதாவது ஃபைல்களை அச்சுக்குத் தயார் செய்யும் வேலையில் இருக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்களின் ஃபைல்களில் நிறம் கெட்டிருந்தால், நான் முதலில் விசாரிப்பது அவர்களுடைய திரையைப் பற்றித்தான்.

கடையில் "ஃபுல் எச்டி, ஐபிஎஸ், ஆன்டி-கிளேர்" என்பார்கள். அதில் பொய் இருக்காது. ஆனால் அதே மாடலின் முழு விவரத்தை நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பாருங்கள். "45% என்டிஎஸ்சி" என்று ஒரு வரி கிடக்கும். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான ஓர் அளவுகோல் அது; இன்னொன்று எஸ்ஆர்ஜிபி. எஸ்ஆர்ஜிபி என்பது 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்த நிற எல்லை; இணையப் படங்களுக்கு இன்றும் அதுதான் அடிப்படை. 45% திரை அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். 72% என்டிஎஸ்சி அல்லது 100% எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஒரே மாடல் பெயரில் இரண்டு வகைத் திரையும் விற்பனைக்கு வருவதுண்டு. அதனால் மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒத்துப் பாருங்கள்.

நிறம் குறைந்த திரையால் என்ன ஆகிறது? மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புப் பட்டு, மட்டமான திரையில் வெளிறிச் செங்கல் நிறமாகத் தெரியும். மாணவர் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியைக் கூட்டுவார்; தன் திரையில் சரியாகும்வரை கூட்டிக்கொண்டே போவார். அந்தப் படத்தை நல்ல திரையில் திறந்தால் கொசுவ மடிப்புகள் காணாமல் போய், சேலை ஒரே சிவப்புத் திட்டாக நிற்கும். சிவப்பைத் தரும் அச்சு மைகளான மெஜந்தாவும் மஞ்சளும் உச்சத்தில் ஏறிக் கிடக்கும். அதிலிருந்து அந்த மடிப்பை நாங்களும் மீட்டுத் தர முடியாது. கண் நன்றாகப் பழகியிருக்கும் பிள்ளைகள்கூட இப்படித் தங்கள் கண்ணையே சந்தேகப்படத் தொடங்குவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

நல்ல திரையும் அச்சு மையை அப்படியே காட்டிவிடாது. சிஎம்ஒய்கே எண்களை (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு மைகளின் அளவுகளை) அச்சடித்த கலர் சார்ட்டோடு வைத்துப் பார்த்துப் பழகத்தான் வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போட்டோஷாப்புக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி ரேம் என்கிறது அடோபி, பரிந்துரைப்பது 16. இல்லஸ்ட்ரேட்டரையும் சேர்த்துத் திறந்து வைப்பார்கள் என்பதால் 16க்குக் கீழே போகாதீர்கள். இப்போது பல மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டே வருகிறது. பிறகு கூட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி 512 ஜிபி. லோகோ, பத்திரிகை, போஸ்டர் வேலைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பிளெண்டர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற 3டி, அனிமேஷன் மென்பொருள்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். மேக் வாங்க நினைத்தாலும் பாடத்திட்டத்தைப் பார்த்துவிடுங்கள். 3டிஎஸ் மேக்ஸ் என்ற 3டி மென்பொருள் மேக்கில் நேரடியாக ஓடாது.

பணம் இடிக்கிறதா? ரேம் போதுமான சாதாரண லேப்டாப்போடு, 99% எஸ்ஆர்ஜிபி காட்டும் 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். கேமிங் லேப்டாப்புக்குக் கொட்டும் பணத்தைவிட இது உருப்படியான செலவு.

கடைக்குப் போகும்போது பட்டுச் சேலை, முகம், சாம்பல் நிறப் படிநிலை உள்ள படங்களைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். லேப்டாப்பில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைத்து, உங்கள் போனில் டிஸ்ப்ளேயை 'நேச்சுரல்' நிலைக்கு மாற்றி, ஒரே படத்தை இரண்டிலும் அருகருகே வையுங்கள். சிவப்பு வெளிறித் தெரிந்தால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.