கிளிஞ்சர்: கவ்விப் பிடிக்கும் டயர்

"கிளிஞ்சரா, டியூப்லெஸ்ஸா?" ரோடு சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் வாங்கப் போகிறவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். இது 'மரமா, மாமரமா?' என்று கேட்பது போல. ஓரங்களால் ரிம்மைக் கவ்வி நிற்கும் டயர்தான் கிளிஞ்சர், டியூப்லெஸ்ஸும் அந்த வகைதான். பெயர்க் குழப்பம் தீர்ந்தாலே எதை வாங்குவது என்பது பாதி தெளிந்துவிடும்.

ஆங்கிலத்தில் 'கிளிஞ்ச்' என்றால் இறுகப் பற்றுதல். 'கிளெஞ்ச்' என்பதன் மறுவடிவம். பலகையில் ஆணியடித்து, மறுபக்கம் துருத்தும் முனையைத் தச்சர் மடக்கி அடிப்பாரே, அதற்கும் இதே சொல்தான். முனை மடங்கிய ஆணி பிடியை விடாது.

டன்லப் 1888-இல் காப்புரிமை பெற்ற காற்று டயர், சக்கரத்தோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சரானால் பிரிப்பதே பெரும்பாடு. 1890-இல் எடின்பரோவில் வில்லியம் பார்ட்லெட் டயரின் இரண்டு ஓரங்களையும் தடித்த உதடு போல ஆக்கி, ரிம்மின் உள்மடிந்த விளிம்புக்கு அடியில் செருகினார். காற்று ஏற ஏற அந்த உதடுகள் ரிம்மை மேலும் இறுகக் கவ்வின. கிளிஞ்சர் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதே ஆண்டில் சார்லஸ் வெல்ச் வேறு வழி கண்டார்: ஓரத்துக்குள் நீளாத கம்பி வளையம். கம்பி நீளாததால் டயர் ரிம்மைத் தாண்டி வெளியே வர முடியாது. இன்று நாம் ஓட்டும் டயருக்குள் இருப்பது வெல்ச்சின் கம்பி, அல்லது அதன் இடத்தில் அராமிட் என்ற உறுதியான செயற்கை நார். பெயர் மட்டும் பார்ட்லெட்டுடைய டயரின் பெயர்.

தமிழில் இதைக் கவ்வு டயர் என்பேன். பற்றுவது கையின் வேலை, கவ்வுவது வாயின் வேலை. ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் திறந்த வாய் போலத்தான் இருக்கும். டியூபை டயருக்குள் வைத்துத் தைத்து மூடி, ரிம்மில் பசை போட்டு ஒட்டும் இன்னொரு வகை உண்டு. டியூபுலர் என்பார்கள், தையல் டயர் என்றால் போதும். கிளிஞ்சருக்கு உண்மையான எதிர்ச்சொல் அதுதான்.

அப்புறம் டியூப்லெஸ். 'குழாயில்லா டயர்' என்று எழுதினால் தண்ணீர்க் குழாய்தான் கண்முன் வருகிறது. உள்துளை கொண்டதற்குத் தூம்பு என்ற பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. முதுகெலும்பிலி என்பது போலத் தூம்பிலி என்றால் சொல் கச்சிதமாக அமைகிறது. கடையில் டியூப்லெஸ் என்றே கேளுங்கள். எழுதும்போது தூம்பிலியை எழுதிப் பழக்கலாம். மலைச் சைக்கிளில் 1999-இல் மாவிக் நிறுவனத்தின் யூஎஸ்டி அமைப்போடு வந்த இந்த முறை, 2006-இல் ஹட்சின்சன், ஷிமானோ நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் ரோடு சைக்கிளுக்கும் வந்தது.

ஆக, உண்மையான கேள்வி டியூப் வேண்டுமா, வேண்டாமா என்பதே. டியூப் இருக்கும் டயரில் காற்று குறைவாக இருந்து, சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், ரிம்மின் இரண்டு விளிம்புகளும் டியூபை நசுக்கிவிடும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு கீறல்கள். தூம்பிலியில் நசுங்க டியூப் கிடையாது. அதனால் காற்றைக் குறைத்து, கரடுமுரடான சாலையில் அலுங்காமல் ஓட்டலாம். சிறு முள் குத்தினால் உள்ளிருக்கும் அடைப்புத் திரவம் ஓட்டை வழியே புஸ்ஸென்று பீறிட்டு, சக்கரம் சில சுற்று சுற்றுவதற்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

ஆனால் அந்தத் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும், திரும்ப ஊற்ற வேண்டும். ஓரங்கள் 'டப்' 'டப்' என்று ரிம்மில் ஏறி உட்கார ஒரே மூச்சில் நிறையக் காற்று தேவை. சாதாரணப் பம்பு சில நேரம் போதாது. பெரிய கிழிசலைத் திரவம் அடைக்காது. அப்போது வழியில் உட்கார்ந்து, கையெல்லாம் பிசுபிசுக்க, ஒரு டியூபைத்தான் உள்ளே போட வேண்டியிருக்கும்.

வாரம் தவறாமல் மோசமான சாலையில் நெடுந்தூரம் போகிறவருக்குத் தூம்பிலியைத் தயங்காமல் சொல்வேன். மாதக்கணக்கில் சைக்கிளை நிறுத்தி வைக்கிறவருக்கு டியூபே நல்லது. முடிவு செய்ய முடியவில்லையா, சரி, டியூப்லெஸ்ஸுக்கு ஏற்ற ரிம்மாக வாங்குங்கள். அதில் டியூபும் போடலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரிம்மின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் சின்னக் கொக்கி தட்டுப்பட வேண்டும். கொக்கி இல்லாத ரிம்மும் வருகிறது. அதில் டியூப் போட்டாலும் டயர் டியூப்லெஸ் டயராகத்தான் இருக்க வேண்டும், காற்றழுத்தமும் 5 பாரைத் தாண்டக் கூடாது.