கண்மாய்க்குள் யார் ஆக்கிரமிப்பு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பக்கத்துக் கண்மாய்க் கரையில் ஒரு துணிப்பதாகை கட்டியிருந்தோம். "ஆக்கிரமிப்பு அகற்றும் பணி. தன்னார்வலர்கள் வருக." சீமைக்கருவேலம் வெட்டத்தான் போயிருந்தோம். வேன் நின்று ஆட்கள் இறங்கியதும், கரையோரம் கூரை வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி வேகமாக வந்தார்.

"ஏம்ப்பா, எங்க வீட்டையும் சேத்துத்தான் இடிக்கப் போறீகளா?"

"இல்ல அப்பத்தா, முள்ளு வெட்ட வந்திருக்கோம்."

"அப்ப முள்ளு வெட்டன்னு எழுத வேண்டியதுதானே!"

பத்து வருடமாக ஆக்கிரமிப்பு என்ற இந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஏன் உறுத்துகிறது என்று அந்தப் பாட்டி ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

வெளியிலிருந்து வந்து மற்றதை வாழவிடாமல் பரவும் செடியை ஆங்கிலத்தில் இன்வேசிவ் பிளான்ட் என்பார்கள். அதற்குத்தான் நம் செய்தித்தாள்களும் துண்டறிக்கைகளும் ஆக்கிரமிப்புத் தாவரம் என்று எழுதுகின்றன. இன்வேசிவ் என்பது லத்தீன், உள்ளே நடந்து போவது என்று பொருள். ஆக்கிரமிப்பு வடமொழி, காலெடுத்து மேலே வைப்பது. ஆக, வேர்ப்பொருளில் இரண்டும் பங்காளிகள்தாம். தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் இந்தப் போர்க்களச் சொல்லைப் பரவலாக்கியதில் பெரும்பங்கு இங்கிலாந்து உயிரியலாளர் சார்லஸ் எல்ட்டனுக்கு உண்டு. அவர் எழுதியது 1958இல். உலகப்போர் பார்த்த தலைமுறை, படையெடுப்பு என்ற சொல் நாக்கில் இருந்திருக்கும். சொற்பிறப்பு அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சொல்லின் பொருளை அதன் வேர் முடிவு செய்வதில்லை, ஊர் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் ஆக்கிரமிப்பு என்றால் புறம்போக்கில் வீடு கட்டியிருப்பது. ஏரிக்குள் பிளாட் போட்டிருப்பது. கடை வாசலை நடைபாதை வரை இழுத்துவிட்டிருப்பது. "ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று பேப்பரில் பார்த்ததும் நம் கண்ணுக்குத் தெரிவது பொக்லைனும் போலீசும் அழுகிற பெண்களும். கண்மாய், ஏரி, ஓடை என்று வரும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. ஏனென்றால் இந்த இடங்களில் இரண்டு ஆக்கிரமிப்பும் உண்டு. "ஏரியில் 40 ஏக்கர் ஆக்கிரமிப்பு" என்று தலைப்புப் போட்டால் அது வீடா, முள்ளா? செய்தியின் மூன்றாம் பத்தி வரை படித்தால்தான் தெரியும். சில செய்திகளில் அதற்குப் பிறகும் தெரியாது.

அதைவிட மோசம், இந்தச் சொல் குற்றத்தைச் செடியின் தலையில் கட்டுகிறது. ஆக்கிரமிப்பு செய்ய ஒரு ஆள் வேண்டும், அவனுக்குக் கெட்ட எண்ணம் வேண்டும். சீமைக்கருவேலம் சுவரேறிக் குதித்தா வந்தது? 1870களில் மதராஸ் மாகாணத்துக்கு விதை வரவழைத்தார்கள், விறகுக்காக. அப்புறம் வேலிக்கு என்றார்கள். வடமாவட்டங்களில் அதற்கு வேலிகாத்தான் என்றே பெயர். காய் இனிக்கும், ஆடு மாடு தின்னும், சாணத்தோடு விதை அடுத்த ஊருக்குப் போகும். உண்ணிச்செடி பூ அழகாக இருக்கிறது என்று தோட்டத்தில் வைக்கக் கொண்டுவந்தது. இன்று நீலகிரிக் காட்டில் மான் புல் மேயும் இடத்தில் எல்லாம் அது புதராக நிற்கிறது. அழைத்து வந்தது நாம், பெயர் மட்டும் அதற்கு ஆக்கிரமிப்பாளர்.

சரி, மாற்றுச் சொல் என்ன என்று கேட்டால் தனித்தமிழ் நண்பர் ஒருவர் வந்தேறித் தாவரம் என்கிறார். தயவுசெய்து வேண்டாம். மேடையில் மனிதர்களைத் திட்டுவதற்காகத் தீட்டப்பட்ட சொல் அது. அதைக் கொண்டுபோய் ஒரு செடியின் கழுத்தில் மாட்டினால், கேட்பவர் மனதில் வருவது செடி அல்ல, பக்கத்துத் தெருக்காரர். பொருளிலும் அது தேறாது. மிளகாய் வந்தேறி. தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, முந்திரி எல்லாம் கடல் கடந்து வந்தவைதான். நண்பர் தன் வீட்டுக் குழம்பிலிருந்து மிளகாயைக் களைவாரா? அயல் தாவரம், அந்நியத் தாவரம் என்பவர்களுக்கும் இதே பதில்தான். வெளியிலிருந்து வந்தது என்பது பாதிச் செய்தி. வந்த இடத்தில் மற்றதை வாழவிடாமல் மூடுகிறது என்பது மீதிப் பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் இன்வேசிவ். ஊடுருவும் தாவரம் என்று இன்னொன்று உலவுகிறது. ஊடுருவல் என்றால் தெரியாமல் நுழைவது. இங்கே ஆகாயத்தாமரை ஒரு குளம் முழுக்க, தண்ணீர் கண்ணுக்குத் தெரியாதபடி, பச்சையாகப் பரந்து கிடக்கிறது. இதில் எதை ஒளித்துக்கொண்டு நுழைந்தது?

(அந்த ஆகாயத்தாமரையிலேயே ஒரு சிக்கல். சித்த மருத்துவ நூல்களில் அது முட்டைக்கோஸ் குருத்து மாதிரி மிதக்கும் வேறொரு சிறு செடி. ஊதாப் பூவும் உப்பிய காம்புமாக இருக்கும் இதற்கு வெங்காயத்தாமரை என்ற பொருத்தமான பெயர் இருக்கிறது. எழுதுபவர்கள் அதை மதிப்பதில்லை.)

எனக்குத் தோன்றும் விடை கண்முன்னே கிடக்கிறது. களை.

களை பழைய சொல், உழவர் சொல். களை என்பது செடி, களைவது அதைப் பிடுங்குவது. பெயரும் வினையும் ஒரே வேர். கொடியவர்களை அரசன் ஒறுப்பது "பைங்கூழ் களைகட் டதனொடு நேர்" என்கிறது குறள் 550. திருவிழா களைகட்டுகிறது என்று சொல்கிறோமே, அது வேறு களை, முகக்களை. குறளின் களைகட்டல் களையைப் பிடுங்குவது. இன்னொரு குறள், 879, எங்கள் வேலைக்கென்றே எழுதியது போல இருக்கிறது: "இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து." பகையைப் பற்றித்தான் சொல்கிறார், ஆனால் வள்ளுவர் எங்கோ முள்ளில் கை வைத்திருக்கிறார். மழை பெய்த மறுவாரம் சீமைக்கருவேலக் கன்றை இரண்டு விரலால் பிடுங்கலாம். ஐந்து வருடம் விட்டால் கவைக்கம்பால் கிளையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டரிவாளால் வெட்ட வேண்டும். செருப்பைத் துளைத்து முள் ஏறும். வெட்டியதோடு விட்டால் கட்டையிலிருந்து ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும், வேரோடு தோண்டினால்தான் உண்டு.

களைக்கு முன்னால் ஒரு அடை வேண்டும், ஏனென்றால் கோரையும் களைதான், அது எங்கிருந்தும் வரவில்லை. அந்த அடையையும் ஊர் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. நாட்டுக்கருவேலம், சீமைக்கருவேலம். நாட்டுப்பசு, சீமைப்பசு. நாட்டு ஓடு, சீமை ஓடு. மொழிபெயர்ப்பாளர் "பூர்வீக இனங்கள்" என்று திணறும் இடத்தில் என் அப்பா நாட்டு மரம் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். எனவே சீமைக்களை. வெளியிலிருந்து வந்தது, களைய வேண்டியது. இரண்டு பாதியும் வந்துவிட்டது, விளக்கவுரை தேவையில்லை.

சீமை வடமொழி என்று நண்பர் சண்டைக்கு வருவார். ஆமாம், எல்லை என்ற பொருளில் வந்து, நாடு ஆகி, பிறகு வெள்ளைக்காரன் நாடு ஆகி, கடைசியில் வெளியிலிருந்து வந்த எதற்கும் முன்னொட்டு ஆன சொல். சீமையெண்ணெய் ஊற்றி விளக்கெரித்த சனத்துக்கு அது தமிழ்தான். "வயலில்தானே களை, கண்மாயில் என்ன பயிர் இருக்கிறது?" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. காட்டுக்கும் குளத்துக்கும் களையை நீட்டுவது புதிதுதான், ஆனால் நீட்டினால் யாருக்கும் புரியாமல் போகாது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் ஆப்பிரிக்க நத்தைக்கும் இந்தச் சொல் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். மீன்காரர்கள் வேறு பார்க்கட்டும்.

2022இல் தமிழ்நாடு அரசு இந்தச் செடிகளுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அதற்கு முன் 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டு, ஊர் ஊராகச் சீமைக்கருவேலம் வெட்டினார்கள். வேலை பெரிதாகிக்கொண்டே போகிறது, ஆட்களும் வருகிறார்கள். வருகிறவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் தன்னார்வலர். ஆர்வலர் என்றால் அன்புடையவர், "ஆர்வலர் புன்கணீர்" என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் தன்னார்வலர் யார், தன்மேல் அன்புடையவரா? செல்ஃபி எடுத்துவிட்டு எட்டு மணிக்கே கிளம்பும் சிலருக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. கையில் முள் குத்தி நிற்பவருக்குக் களையுநர் என்ற பெயர் குறளிலேயே இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கான அறிவிப்பை நானே எழுதிக் கொடுத்தேன்: "கண்மாயில் சீமைக்களை எடுக்கிறோம். காலை 6 மணி. வெட்டரிவாள், கவைக்கம்பு இருப்பவர்கள் கொண்டுவரவும்." அச்சிட்டு வந்ததைப் பார்த்தேன். களையை விட்டுவைத்திருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் "மாபெரும்" என்று ஒன்று சேர்ந்திருந்தது, கீழே தன்னார்வலர்கள் அப்படியே இருந்தார்கள்.