வாசல் ரோடு எத்தனை அடி? எஃப்எஸ்ஐ கணக்கு அங்கேதான் தொடங்குகிறது

ஒரு கிரவுண்டு மனை இருக்கிறது, அதாவது 2,400 சதுர அடி. அதில் எவ்வளவு கட்டலாம்? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதற்குச் சொல்லும் அளவுதான் தளப் பரப்புக் குறியீடு. புரோக்கரிலிருந்து இன்ஜினியர் வரை எல்லாருக்கும் அது எஃப்எஸ்ஐ. எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் வரும் எண் அது. சென்னையில் முன்பு சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்தது, இப்போது 2. ஆக, நம் கிரவுண்டில் 4,800 சதுர அடி.

அதற்கு மேல் வேண்டுமென்றால் காசு கட்டி வாங்கலாம். இதுதான் ப்ரீமியம் எஃப்எஸ்ஐ. எவ்வளவு வாங்கலாம் என்பதை வாசலில் இருக்கும் ரோடு தீர்மானிக்கிறது. 9 மீட்டர் முதல் 12-க்குள் இருந்தால் 30 சதவீதம் கூடுதல், 12 முதல் 18-க்குள் 40, 18-ம் அதற்கு மேலும் 50. நம் மனைக்கு இது முறையே 6,240, 6,720, 7,200 சதுர அடி. சுற்றிலும் விட வேண்டிய இடமும் பார்க்கிங்கும் போக, சின்ன மனையில் இதை முழுக்கப் பயன்படுத்துவது கஷ்டம் என்பது வேறு விஷயம். 18.30 மீட்டருக்கு மேல் உயரும் கட்டடத்துக்கு, ரோடு 18 மீட்டர் இருந்தால், அடிப்படையே 3.25.

அடியில் பார்த்தால் 30 அடி ரோடு 9.14 மீட்டர், தப்பித்துவிடும். 29 அடி என்றால் 8.84, ப்ரீமியம் கிடையாது. ஒரு அடியில் 1,440 சதுர அடி போய்விடும்! ஆகவே மனை வாங்குமுன் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். பத்திரத்தில் '30 அடி ரோடு' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், நில அளவைத் துறையின் புலப்படத்தோடு ஒத்துப் பாருங்கள். எதிர் வீட்டுக்காரர் படிக்கட்டை ரோட்டில் இறக்கியிருந்தால் அந்தத் தகராறு உங்கள் அனுமதியில் வந்து நிற்கும். ப்ரீமியம் கட்டணம், நிலத்துக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்காகிறது. விதிகளை அடிக்கடி திருத்துகிறார்கள். விண்ணப்பிக்கும் நாளில் என்ன விகிதம் என்பதை சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் ரோட்டை வைத்து அளக்கிறார்கள்? மாடி ஏறினால் ஆள் ஏறும், வண்டி ஏறும், அதை ரோடு தாங்க வேண்டும். நியாயம்தான். ஆனால் இந்தக் கணக்கில் விதியின் கண்ணில் படுவது வாசல் ரோட்டின் அகலம். அதில் பஸ் ஓடுகிறதா என்று அது கேட்பதில்லை.

சென்னையின் ஓஎம்ஆரைப் (பழைய மகாபலிபுரம் ரோடு) பாருங்கள். 2000-ல் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் வந்தது, பிறகு ரோடு ஆறு வழியானது, அகலத்தை நம்பி ஐடி வளாகங்களும் அடுக்குமாடிகளும் சிறுசேரி வரை வளர்ந்தன. மெட்ரோ வேலை அதற்கெல்லாம் வெகு காலம் கழித்துத்தான் தொடங்கியது. அதற்குள் வீட்டுக்கு ஒரு கார் வந்துவிட்டது. பறக்கும் ரயிலில் வேறு கதை: 2007-ல் வேளச்சேரிக்கு ரயில் வந்தும், அங்கிருந்து சுமார் 5 கி.மீ. தள்ளியிருக்கும் பரங்கிமலைக்கான இணைப்பு நில எடுப்புச் சிக்கலில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

பஸ், ரயில், மெட்ரோ மூன்றையும் சேர்த்துத் திட்டமிட 'கும்டா' என்ற ஆணையத்துக்கு 2010-லேயே சட்டம் போட்டாயிற்று. முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். அந்தப் பன்னிரண்டு ஆண்டும் கட்டட அனுமதிகள் நிற்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். தரைத்தளத்தைத் தூண் மேல் நிறுத்தி வண்டி விடும் இடமாக்கினால், அந்தப் பரப்பு எஃப்எஸ்ஐ கணக்கில் சேராது. தெருவில் கார் நிற்கக் கூடாது என்பதற்கான சலுகை இது. ஒரு படுக்கையறைக்குக் கணக்குப் பார்க்கும் விதி, காருக்குக் கணக்கே பார்ப்பதில்லை.